பதினொரு நிமிடம்

பேரிகை முனியல்லப்பாவின் ரோஜாக் குடிலில்
காலையில் விசிறிகள் ஒழுங்காகத்தான் ஓடுகின்றன.
பதினொன்றரை ஆனால் நின்றுவிடுகின்றன.
"வெயிலு ஏறுனாக்கா தானா நிக்குது மேடம்.
சாயங்காலம் தானா ஓடுது.
பேய் கீய் பூந்துச்சா?"
இல்லை என்றேன் போனில்.
அதற்குமேல் எனக்கும் அப்போது தெரியாது.

பெட்டியில் வந்தது பலகை,
மூலையில் காய்ந்த ஒரு ரோஜா இதழோடு.
இதழைப் பதிவுசெய்யப்
படிவத்தில் கட்டம் இல்லை.
மேசையில் எடுத்து வைத்தேன்.

நூற்றைம்பது டிகிரியில்
ஆயிரம் மணிநேரம் வேகவைத்தோம்
அதே தொகுதியில் மீந்த சில்லுகளை.
திறக்கும் வோல்டேஜ்
நாளுக்கு ஒரு மயிரிழை நகர்ந்தது.
திரையில் அந்தக் கோடு
ஓசூர் மேம்பாலத்து லாரி போல,
நிற்கிறதென்று நினைத்தால் ஊர்கிறது,
ஊர்கிறதென்று நினைத்தால் நிற்கிறது.

உள்ளே ஹைட்ரஜன்.

இருப்பதிலேயே சின்ன அணு.
அவன் இல்லாமல் இந்தப் படிகம் வளராது.
கேலியத்தைச் சுமந்து வரும் காற்றே அவன்தான்.
வளர்ந்து முடிந்தபின்
அவன் இருக்கக் கூடாது.
கல்யாணப் பந்தலுக்குக் கட்டிய சாரத்தை
முகூர்த்தத்துக்கு முன் அவிழ்ப்பது மாதிரி.
அவிழ்க்காவிட்டால் என்ன?
நாங்கள் கணக்குப் பார்த்துத் தூவிய மக்னீசியம்
ஒவ்வொன்றின் கையையும் பிடித்துக்கொண்டு
ஒரு ஹைட்ரஜன் உட்கார்ந்திருக்கும்.
வேலைக்கு வந்தவர்கள் வேலை செய்ய மாட்டார்கள்.
வருகைப் பதிவேட்டில் மட்டும் எல்லோரும் உண்டு.

பிடியை விடுவிக்க ஒரே வழி, சூடு.
நைட்ரஜனில் எழுநூற்றைம்பது டிகிரி, அரைமணி.
ஐம்பது குறைந்தால் அவன் கிளம்ப மாட்டான்.
நிறையக் கூடினால்
படிகத்தின் சொந்த நைட்ரஜனே
அவனோடு சேர்ந்து கிளம்பிவிடும்,
விருந்தாளியை வழியனுப்பப் போன பிள்ளை
அப்படியே பஸ் ஏறிவிட்டது போல.

இதெல்லாம் எங்களுக்குத் தெரியும்.
செய்முறைத் தாளில் எழுதி
உலையின் கதவிலேயே ஒட்டியிருக்கிறது.
பிறகு எப்படி?

இரவு ஷிப்டில் திம்மராயன் வந்து நின்றார்.
கையுறையைக் கழற்றவில்லை.
தலையணி மறைத்ததுபோக
கண்கள் மட்டும் தெரிந்தன.
"மேடம், சூடு சரியாத்தான் போச்சு.
அதுக்கு முந்தி குழாயைக் கழுவுற நேரம்
இருபதா இருந்துச்சு.
மார்ச்சுல ஒம்போதாச்சு."
வேறொன்றும் சொல்லவில்லை.

மார்ச்.
மாதக் கடைசி, இலக்கில் நாற்பது தட்டு குறைவு.
பழைய வாயுவைத் துரத்தும் இருபது நிமிடத்தில்
பதினொன்றை வெட்டினால்
ஷிப்டுக்கு ஒரு ஓட்டம் கூடும்.
யாரோ வெட்டியிருக்கிறார்கள்.
ஒப்புதல் கட்டத்தில் கையெழுத்து:
சௌ. வனஜாட்சி.
நன்றாகச் சாய்ந்து, அவசரமே இல்லாமல்
போட்டிருக்கிறேன்.

துரத்தாமல் விட்ட ஹைட்ரஜன்
குழாய்ச் சுவரில் காத்திருந்து
வெளியேறியவனின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

அறிக்கையின் மூலக்காரணப் பகுதியில்
"செயல்முறை மாற்றம்" என்று தட்டினேன்.
யார் மாற்றியது என்று
அந்தச் சொல் கேட்பதில்லை.
அழித்தேன்.
என் பெயரை எழுதினேன்.
காண்டீனில் போய் ஆறிய போண்டா தின்றேன்.

இருபது நிமிடம் திரும்ப வந்தது.
இரண்டு நிமிடம் கூடுதலாகவே கேட்டார் திம்மராயன்.
கொடுத்தேன்.
புதிய சில்லுகள் அடுப்பில்.
நூறு மணி. முந்நூறு. அறுநூறு.
கோடு நகரவில்லை.
எங்கள் வேலையில்
நல்ல செய்தி எப்போதும் இப்படித்தான் வரும்:
ஒன்றும் நடக்கவில்லை.

வெளியேறிய ஹைட்ரஜன் எங்கே போனது?
புகைபோக்கி தாண்டி, ஆக்சிஜனைக் கண்டு,
துளி நீராகி,
பேரிகைப் பக்கம் ஏதோ ஒரு இலையில்
விடியற்காலை உட்கார்ந்திருக்கலாம்.
அழகாகத்தான் இருக்கிறது.
அளக்க வழியில்லை,
அதனால் அறிக்கையில் சேர்க்கவில்லை.

முனியல்லப்பா நேற்று அழைத்தார்.
மணி பன்னிரண்டு பத்து.
பின்னால் விசிறிச் சத்தத்தில்
அவர் பேசியது பாதி கேட்கவில்லை.
சத்தமாகப் பேசச் சொல்லவில்லை நான்.